கவிழ்ந்து கிடந்தவர்

“வேற எதை வேணாலும் கேளுங்க பாஸ்கரன். இதை மட்டும் கேக்காதீங்க.”

டாக்டர் சுந்தரராஜன் தாளைச் சுருட்டப் போனார். எதிரே கம்பளத்தில் முழங்காலிட்டிருந்த பாஸ்கரன் தாளின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டார்.

“மூண்டு தாறன் டொக்டர். உந்த ஒண்டுக்கு என்ரை மூண்டு.”

லண்டன் ஹவுன்ஸ்லோவில் டாக்டர் வீட்டு முன்னறை முழுக்கக் கறுப்புப் படங்கள் விரிந்து கிடந்தன. பழைய தேவாலயங்களின் தரையில், செத்தவர்களின் உருவம் செதுக்கிய பித்தளைத் தகடுகள் பதித்திருக்கும். சின்ன வயதில் காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அது மாதிரி அந்தத் தகடுகளின் மேல் தாளை விரித்து, கறுப்பு மெழுகால் தேய்த்து எடுத்த படங்கள். ஐம்பது, நூறு வருடங்களுக்கு முன் யார் யாரோ எடுத்தவை. ஒரு பழைய சாமான் விற்பனையில் ஒரே சுருளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில்தான் இருவருக்கும் பழக்கமே.

“செத்தவங்களை வெச்சு ரெண்டு பேரும் பேரம் பேசறீங்க” என்று காப்பியை வைத்தாள் டாக்டரின் மனைவி வத்சலா. “பாஸ்கரன், நீங்க கொண்டுவந்த அந்தக் கொண்டைக்காரம்மா எவ்வளவு அழகா இருக்கா. அவளைக் குடுத்துட்டு இந்தத் தலையில்லாத ஆளையா கேக்கறீங்க?”

“ஓம் அக்கா. தலை இல்லாட்டியும் பரவாயில்லை.”

டாக்டருக்கு மனம் வரவில்லை. காரணம் இருந்தது. அந்தத் தாள் எடுத்த தகட்டின் மேல்பக்கம் ஒரு கம்பளி வியாபாரி. 1911இல் தரையைப் பழுதுபார்க்கத் தகட்டைப் பெயர்த்தபோதுதான், அடிப்பக்கத்தில் இன்னொருவர் கவிழ்ந்து கிடப்பது தெரிந்தது. அவருடைய பழைய தகட்டில் தலைப்பக்கத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தைத் திருப்பி, வியாபாரிக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். யாரோ ஒருவர் அன்று மத்தியானமே அவரைத் தாளில் எடுத்தார். சாயங்காலம் தகட்டை மறுபடி பதித்துவிட்டார்கள். அப்படி ஒருவர் இருந்ததற்கு இந்த ஒரு தாள்தான் சாட்சி.

“இதுல உங்களுக்கு அப்படி என்ன, பாஸ்கரன்?”

பாஸ்கரன் காப்பியைத் தொடவில்லை.

“எனக்கு உயிர் தந்தது ஒரு சிநேகிதன், டொக்டர். எட்டு வருசத்துக்கு முந்தி ஆமி என்னைத் தேடி வீட்டை வந்திட்டுது. லண்டன் பயணம் அவனுக்குத்தான் சரிவந்திருந்தது. ‘நீ முதல்லை போடா, நான் பிறகு வாறன்’ எண்டு என்னை அனுப்பிப்போட்டு அவன் நிண்டிட்டான். ஆறு மாசத்திலை ஷெல் விழுந்து…” அவர் தாளைத் தடவினார். “நான் இஞ்சை தின்னிற சோறு அவன் போட்டது. என்ரை பிள்ளையள் ரெண்டும் அவன் தந்ததுகள். அவனை நினைக்காமல் நான் ஒரு நாளும் படுத்ததில்லை.”

வத்சலா கணவரைப் பார்த்தாள். மண்ணோடு போன சிநேகிதனை இந்தத் தாளில் பார்க்கிறார் போலிருக்கிறது என்று டாக்டருக்குப் பட்டது. அதற்குமேல் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை.

“எடுத்துக்குங்க. மூணும் வேணாம். அந்தக் கொண்டைக்காரம்மா மட்டும் போதும், இல்லேன்னா வத்சலா என்னை விடமாட்டா.”

“பெரிய உபகாரம் டொக்டர்.” பாஸ்கரன் கொண்டைக்காரம்மாவை டாக்டர் பக்கம் நகர்த்திவைத்தார்.

டாக்டர் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் பென்சிலால் நாலு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. கடைசியில் அவருடையது.

“இதை வெச்சிருந்தவங்க எல்லாரும் பேர் எழுதியிருக்காங்க. நீங்களும் எழுதிடுங்க.”

“ஆர் டொக்டர் இதைப் பாக்கப்போகினம்?”

“ஹோம் ஆபீஸ்லேர்ந்து இமிக்ரேஷன்காரங்களா வந்து பாக்கப்போறாங்க? உங்களுக்கு அப்புறம் வெச்சிருக்கப் போறவர்தான்.”

பாஸ்கரன் பென்சிலை வாங்கினார். பிறகு ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக எழுதினார்: கனகலிங்கம்.

டாக்டர் குனிந்து படித்தார். “நல்ல காரியம். உங்க பேருக்குப் பதிலா அந்தச் சிநேகிதர் பேரையே போட்டுட்டீங்க.”

“இல்லை டொக்டர், இது என்ரை பேர்” என்றார் அவர். “பாஸ்போட்டோடை தன்ரை பேரையும் எனக்குத் தந்திட்டுப் போனவன்தான் பாஸ்கரன்.”