புது மருந்து

"புது மருந்து எப்படி இருக்கு மச்சான்?"

டெல்பர்ட் காதடைப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான். லோவல் பிஸ்டலைக் காலி செய்து மேசையில் வைத்துவிட்டு, இலக்கு அட்டையைப் பார்க்க நடந்தார். டெல்பர்ட்டும் அவன் அக்கா மார்லிஸும் பின்னால் போனார்கள்.

ஐந்து ஓட்டைகள். ஐந்தையும் ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம்.

"எழுபத்திரண்டு வயசுக்கு இது போதாதா மாப்ளே? கடையில வாங்கின தோட்டாவை வெச்சு நீ இப்படி ஒரு தடவை சுட்டுக் காட்டு, பார்க்கலாம்."

"உங்களை மாதிரி வீட்டிலேயே வெடிமருந்து அடைச்சுத் தோட்டா செய்ய எனக்கு எங்கே பொறுமை?"

மொன்டானாவின் மே மாதக் காற்றில் அட்டை படபடத்தது. லோவல் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். குண்டு நொடிக்கு எத்தனை அடி பாய்ந்தது என்று கருவியில் பார்த்துச் சொல்வது மார்லிஸின் வேலை.

"மார்லிஸ், வேகம் எவ்வளவு வந்துச்சு?"

"எண்ணூத்தி நாப்பது."

எழுதிக்கொண்டார். மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அதே நோட்டை மறுபடி எடுத்தார்.

"மார்லிஸ், வேகம் எவ்வளவு வந்துச்சு?"

"எண்ணூத்தி நாப்பது." முதல் தடவை சொல்வது போலவே சொன்னாள்.

லோவல் வேறு அட்டை ஒட்டப் போன நேரம் பார்த்து, டெல்பர்ட் அக்காவை வண்டிப் பக்கம் கூட்டிப் போனான்.

"கேட்கிறேன்னு கோவிச்சுக்காதேக்கா. கார் சாவியை வாங்கி வெச்சுட்டே. அடுப்புப் பக்கம் விடறதில்லை. இதை மட்டும் ஏன் அவர் கையில விட்டு வெச்சிருக்கே? மறந்துபோய் ஒரு தோட்டாவுல ரெண்டு தடவை மருந்தை ஊத்திட்டார்னா துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். நீ வேற பக்கத்துலயே நிக்கிறே."

"ஊத்தியிருந்தார்" என்றாள் மார்லிஸ். "இந்த அம்பதுல மூணு தோட்டாவுல ரெண்டு மடங்கு இருந்துச்சு. ஆறுல ஒண்ணுமே இல்லை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மத்தியானம் அவர் தூங்கும்போது எல்லாத்தையும் பிரிச்சுடறேன். குண்டைக் கழட்டி, மருந்தைக் கொட்டி, புத்தகத்துல இருக்கிறபடி ஒவ்வொண்ணா நிறுத்து நானே திரும்பப் போடறேன். அதே பெட்டி, அதே வரிசை. பனிக்காலத்துலேர்ந்து இப்படித்தான்."

டெல்பர்ட் திரும்பி லோவலைப் பார்த்தான்.

"அவருக்குத் தெரியாதா?"

"தெரியக் கூடாது. இந்த நோய்க்கு டாக்டர் பேர் சொன்ன நாள்லேர்ந்து அவர் சிரிச்சு நான் பார்க்கலைடா. தோட்டா செய்ய அந்தக் கராஜுல போய் உட்கார்ந்தா மட்டும்தான் பழைய லோவலா இருக்கார். இதையும் பிடுங்கிட்டா அவருக்கு என்ன மிச்சம் இருக்கு, சொல்லு?"

செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் லோவல் கராஜில் இருந்தார். மார்லிஸ் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சூப் வைத்தாள். பன்னிரண்டு மணிக்குப் பெட்டியோடு சமையலறைக்கு வந்தார்.

"புது மருந்துல அளவைக் கொஞ்சம் குறைச்சுப் பார்த்திருக்கேன். சனிக்கிழமை இதைச் சுடுவோம்."

"ஆகட்டும். முதல்ல சூப்பைக் குடிங்க, ஆறுது."

குடித்துவிட்டுப் போய்ப் படுத்தார். குறட்டை கேட்கும்வரை காத்திருந்து, மார்லிஸ் கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் தோட்டாவைத் தட்டிக் குண்டைக் கழற்றினாள். தோட்டாக் கூட்டில் ஒரு துளி மருந்து இல்லை. இரண்டாவதிலும் இல்லை. பத்தாவதிலும் இல்லை. ஐம்பதையும் பிரித்தாள். ஐம்பதும் வெறும் கூடு.

மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தாள். போன தடவை அவள் பார்த்த அளவு அப்படியே இருந்தது.

மூன்று மணி நேரம் இங்கே உட்கார்ந்து, அந்த மனிதர் ஒன்றுமில்லாத கூடுகளுக்குக் குண்டு வைத்து மூடியிருக்கிறார். 'படிப்படியா இறங்கும்னு நினைக்காதீங்க. ஒரு நாள் திடீர்னு பெருசா இறங்கிடும்' என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நாள் இதுதான் போலிருக்கிறது. ஏப்ரனில் முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு தராசை இழுத்து வைத்தாள். ஒவ்வொன்றாக நிறுத்து ஊற்றி, குண்டு வைத்து அழுத்தினாள். கடைசித் தோட்டாவைப் பெட்டியில் செருகியபோது பின்னால் கதவு திறந்தது.

காலுறையோடு லோவல் நின்றிருந்தார்.

"சும்மா... தூசி தட்டலாம்னு வந்தேன்" என்றாள்.

"அம்பதும் காலியாத்தானே இருந்துச்சு?"

லோவல் முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"டார்ச் அடிச்சு ஒவ்வொரு கூடாப் பார்த்துட்டுத்தான் மூடினேன். பனிக்காலத்துல ஒரு நாள் தூக்கம் வராம எழுந்து வந்தேன். கதவு இடுக்குல உன்னைப் பார்த்தேன். என்னென்னவோ மறந்துபோகுது, அது மட்டும் மறக்கலை. புது மருந்துலயாவது கை பழையபடி வரும்னு முயற்சி பண்ணிப் பார்த்தேன். வரலை மார்லிஸ். ஊத்தினேனா இல்லையான்னு எனக்கே சொல்லத் தெரியலை. இனிமே மருந்து நீயே போடு. கொட்டற வேலையாவது உனக்கு மிச்சம்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் தெரிஞ்சும் அப்புறம் எதுக்குத் தினமும் இங்கே வந்து உட்கார்றீங்க?"

"நான் இங்கே இருக்கிறப்போதானே, கவலையை விட்டுட்டு நீ உள்ளே பாட்டு முணுமுணுக்கிறே" என்றார் லோவல்.