இரண்டு முள்

விடியுமுன் கட்டுமரத்தில் போன சடையன் கடலிலிருந்து வரவில்லை. தெற்கேயிருந்து, மணலில் நடந்து வந்தான்.

பொழுது விடிந்தும் மார்கழிப் பனி விலகவில்லை. அம்மன் கோயில் வாசலில் தணிகைவேலின் மைக்செட் பாடிக்கொண்டிருந்தது. நாதசுர இசைத்தட்டு.

"யோவ் மைக்செட்டு! இன்னாத்தப் போட்டுகினு கீற நீ? நம்ம ஊரு செட்டா இது?"

தணிகைவேல் சிரித்தான். சடையன் பாராட்டுகிறான் என்று நினைத்தான்.

அவன் செங்கல்பட்டுக்காரன். மார்கழிதோறும் இந்தக் குப்பத்துக்கு செட்டைக் கொண்டுவருபவன். இந்த வருஷம் மெட்ராசில் ஒரு புது கார்ட்ரிஜ் வாங்கியிருந்தான். தட்டின் மேல் ஓடும் முள்ளைப் பிடித்திருக்கும் சின்னப் பெட்டிக்கு அதுதான் பெயர். குப்பத்தில் எல்லாம் சேர்ந்து முள்தான்.

பழையது கிரிஸ்டல். அதில் நாதசுரம் மூக்கடைத்துக்கொண்டு அழும். தவில், தகர டப்பாவைத் தட்டினாற்போல இருக்கும். வாசிப்பு உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் கூடவே ஒரு கரகரப்பு, சட்டியில் மணலை வறுக்கிற மாதிரி.

புதியது மேக்னெட்டிக். சத்தம் கொஞ்சம் கம்மி, அதைத் தூக்கிக் கொடுக்கத் தனியாக ஒரு பூஸ்டர் வேண்டும். ஆனால் வாசிக்கிறவர் மூச்சை இழுப்பது கேட்டது. தவிலின் இடப்பக்கத் தொப்பி தனியாகவும் வலப்பக்கத்து வலந்தலை தனியாகவும் கேட்டன. குழாய் ஸ்பீக்கரில் இவ்வளவு வரும் என்று தணிகைவேலே எதிர்பார்த்திருக்கவில்லை.

"சிரிக்காத அண்ணாத்த," என்றான் சடையன். அவனுக்கு மூச்சு வாங்கியது. "பனியில ஒண்ணுந் தெர்ல. பாட்டு மட்டும் கேட்டுது. இவ்ளோ நைசா பாட்றது வடக்குக் குப்பத்து செட்டுதான, நம்மளுது கரகரன்னு கத்துமேன்னு நெனச்சி, இன்னும் தெக்கால வலிச்சிகினு பூட்டேன்."

பனி நாளில் கரையைக் காட்டுவது பாட்டுதான். வடக்குக் குப்பத்துக்கு வருவது மெட்ராஸ் செட். அது குழைவாகப் பாடும். அது காதில் விழுந்தால் இன்னும் தெற்கே போகவேண்டும். கரகரப்பு கேட்டால் வீடு வந்துவிட்டது, கட்டுமரத்தைத் திருப்பலாம்.

இதைத் தணிகைவேலிடமோ வீட்டுப் பெண்களிடமோ யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றியதுமில்லை.

தெற்கே, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே, தண்ணீருக்குள் பாறைகள். மார்கழியில் நீரோட்டமும் அந்தப் பக்கம்தான் இழுக்கும். பாறையில் அலை உடைகிற சத்தம் கேட்ட பிறகுதான் சடையன் கட்டுமரத்தைக் கரைக்குத் திருப்பியிருக்கிறான்.

மீன் கூடையோடு நின்றிருந்த சாந்தா கிட்டே வந்தாள்.

"எங்க வூட்டுக்காரு எங்க?"

"மாரி எனுக்கு முன்னால போனான்," என்றான் சடையன். "கத்திக் கத்திப் பார்த்தேன். அவன் காதுல வுழல."

சாந்தா கூடையைக் கீழே போட்டாள்.

"பழைய முள்ளப் போடு."

தணிகைவேல் பெட்டியைத் திறந்தான். அவசரத்தில் திருகாணி மணலில் விழுந்தது. அதைத் தேடி எடுத்து, பழையதை மாட்டி, தட்டை முதலிலிருந்து வைத்தான்.

நாதசுரம் மூக்கடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. யாரோ கம்பத்தில் ஏறிக் குழாயைத் தெற்குப் பக்கமாகத் திருப்பினார்கள். சடையன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே ஓடினான்.

தட்டு முடிந்தது. திரும்ப வைத்தான்.

பனிக்குள்ளிருந்து ஒரு கட்டுமரம் வந்தது. சாந்தா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வந்தவன் முகத்தைப் பார்த்தாள். இன்னொன்று வந்தது. அந்த முகத்தையும் பார்த்தாள். கரகரப்பைக் கேட்டுத்தான் திரும்பினோம் என்றார்கள் இருவரும். மாரியை இருவருமே பார்க்கவில்லை.

வெயில் ஏறியது. பனி கலைந்து, கடல் அடிவானம் வரைக்கும் தெரிந்தது. அதில் ஒன்றும் இல்லை.

ஓடிப் போனவர்கள் நடந்து திரும்பி வந்தார்கள். சடையன் கையில் ஒரு துடுப்பு இருந்தது. அது அவனுடையதல்ல. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

தணிகைவேல் முள்ளைத் தூக்கப் போனான்.

சாந்தா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரக் கை.

"போட்டுகினே இரு."

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் இதே இடத்தில்தான் அவன் சத்தத்தைக் குறைத்துவைத்து, இரண்டு முள்ளையும் மாற்றி மாற்றிப் போட்டுக்காட்டி, எது வேண்டும் என்று கேட்டான். விடியுமுன் கடலுக்குப் போகவேண்டிய ஆண்கள் படுத்துவிட்டிருந்தார்கள். பெண்கள் மட்டும்தான் இருந்தார்கள். எதைச் சொல்வது என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, புதியதுதான் என்று முதலில் கையைத் தூக்கியவள் சாந்தா.

எல்லோரும் போனபிறகு திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி இதையும் சொல்லிவிட்டுப் போனாள்:

"எங்க வூட்டுல அதுக்கு நாயனம்னா உசுரு. நீ இப்ப அதாண்ட ஒண்ணும் சொல்லிக்காத. கடல்லேர்ந்து வரும்போது அதுவே கேக்கட்டும்."