பிரசவ மேசைக்குப் பக்கத்தில்

கையை நீட்டினாள். எட்டியது.

பிரசவ மேசையை விட்டு நகராமலே அந்தச் சின்ன ஃப்ரிட்ஜைத் திறக்க முடிந்தது. உள்ளே ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசிமருந்து. மேலே ஒரு தட்டில் சிரிஞ்சு, டிரிப் பாட்டில், குழாய்.

வேறொன்றும் இல்லை.

"இவ்ளோதான் சிஸ்டர்," என்றாள் அந்த ஆஸ்பத்திரியின் நர்ஸ் எஸ்தர். "ரத்தம் போகும்போது யாரும் எதுக்கும் ஓடக் கூடாது. அது ஒண்ணுதான்."

மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்ததில், பிரசவத்துக்கு இதுதான் முதலிடம். பார்க்க வந்திருந்த நர்ஸ் வேலை செய்யும் ஆஸ்பத்திரி கடைசி. போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள்.

பெரிய மெஷின் ஏதாவது இருக்கும் என்று நினைத்து வந்தாள். நிறைய டாக்டர்கள் இருப்பார்கள் என்று நினைத்தாள்.

இங்கேயும் ஒரே டாக்டர்தான். இங்கேயும் சுவரில் காரை பெயர்ந்திருந்தது.

அப்படி ஏதாவது இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

தன் ஆஸ்பத்திரியில் பேச்சியம்மாள் என்ற பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போன அன்று அவள் ஓடினாள். படியிறங்கி, வராந்தா தாண்டி, மருந்தகத்துக்கு. பூட்டியிருந்தது. சாவி வர நேரமாகிவிட்டது. ஊசிமருந்தோடு மூச்சிரைக்கத் திரும்பியபோது பேச்சியம்மாளின் கண்கள் திறந்தே கிடந்தன.

குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

"எவ்வளவோ பாத்தோம் தம்பி. ஒண்ணும் செய்ய முடியல," என்று புருஷன் கொம்பையாவிடம் சொன்னாள்.

சொன்னதை அவளும் நம்பியிருந்தாள். இன்று வரைக்கும்.

"என்ன சிஸ்டர், முகமே மாறிப்போச்சு?" என்றாள் எஸ்தர்.

"ஒண்ணுமில்ல."

ஊர் திரும்பியதும் ஃப்ரிட்ஜுக்காகப் டாக்டரின் அறை வாசலில் போய்ப் போய் நின்றாள். கெஞ்சினாள். ஒருமுறை சத்தம்கூடப் போட்டுவிட்டாள். கடைசியில் வந்து சேர்ந்தது. இடம் பார்த்து அவளே வைத்தாள்.

அதன்பின் இரண்டு பெண்களுக்கு அதேபோல் ரத்தம் நிற்கவில்லை. இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த ஒப்பீட்டில் ஆஸ்பத்திரி மளமளவென்று மேலே ஏறியிருந்தது. கேக் வெட்டினார்கள். அவள் கையிலும் ஒரு துண்டைக் கொடுத்தார்கள்.

அதை அப்படியே தட்டில் திருப்பி வைத்தாள்.

மாசியில் ஒருநாள் காலை, பிரசவ வார்டு வாசலில் கொம்பையா நின்றான். இடுப்பில் குழந்தை. பக்கத்தில், வலி பொறுக்காமல் சுவரைப் பிடித்தபடி ஒரு பெண்.

"என் தங்கச்சி," என்றான். "இப்போ இங்க நல்லா பாக்காங்கன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுதாங்க. அதான் வேற எங்கயும் போகாம இங்கயே கூட்டிட்டு வந்துட்டேன் சிஸ்டர்."

அவன் முகத்தில் தேடினாள்.

குத்தல் எதுவும் இல்லை.

அந்தப் பெண்ணைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப்போனாள். கதவைச் சாத்தத் திரும்பினாள்.

வெளியே அவன் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் அவளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.