காணாமல் போன கட்டில்கள்

"திருட்டுப் பசங்க! பாத்தீங்களா சர்தார், ஒரு கட்டிலாவது விட்டு வெச்சிருக்கானுங்களா?"

குப்புராஜ் போட்ட சத்தத்தில் கூரையில் தொங்கிய வௌவால்கள் கலைந்து பறந்தன.

வத்தல்மலையில் சிறுவர் கோடை முகாம் நடந்த கட்டடம் அது. தருமபுரிப் பிள்ளைகள் வருஷா வருஷம் வந்து ஆடிப் பாடிவிட்டுப் போன இடம். முகாமை நடத்திய சங்கத்தாருக்குள் சண்டை வந்து, அறுபத்தெட்டாம் வருஷத்தோடு அது நின்றது. அப்புறம் யாரும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்திருக்கிறார். வருகிற சித்திரையில் முகாம் நடத்தியே தீருவேன், சாமான்களைக் காட்டுங்கள் என்று செயலாளர் குப்புராஜைப் பிடித்துக்கொண்டுவிட்டார். அதனால்தான் குப்புராஜ், போலீஸ்காரர் சர்தாரையும் கூட்டிக்கொண்டு மலையேறி வந்திருந்தார்.

சர்தார் ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். சங்கிலி இல்லாத ஊஞ்சல். சுவரில் யாரோ வரைந்த ரயில்வண்டி பாதி உரிந்து கிடந்தது. சமையல்கட்டில் பாம்புச் சட்டை. பிள்ளைகள் படுத்த கூடத்தில் வெறும் தரைதான் இருந்தது.

வாசலில் காவல்காரன் தீர்த்தகிரி கைகட்டி நின்றான். பக்கத்தில் அவன் மனைவி நஞ்சம்மாள்.

"சாவி இவன்கிட்ட இருக்குது. வேற எவன் எடுப்பான்? விலங்கை மாட்டுங்க!" என்றார் குப்புராஜ்.

"நான் எடுக்கலீங்க. மாமியா சாவுக்குப் போயிட்டு வந்து பாத்தா, ஒண்ணுகூட இல்லீங்க. அன்னைக்கே எறங்கி வந்து உங்ககிட்ட சொன்னனுங்களே..."

"என்கிட்டயா? எப்படா சொன்னே? புளுகாதே!"

 நஞ்சம்மாள் முன்னால் வந்தாள்.

"என்னாங்க அநியாயம் இது? நாற்காலியில ஒக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே, 'சரி, நீ போ, நான் பாத்துக்கறேன்'னு சொன்னீங்க. நானும் பக்கத்துலதான நின்னேன்? இப்ப இல்லைங்கறீங்களே, சோறுதான் திங்கறீங்களா?"

"பாத்தீங்களா சர்தார், இவ திமிரை!"

"எங்க ஊருல எந்த வூட்டுலயாவது கட்டில் இருக்குதான்னு போய்ப் பாருங்க. கட்டில்ல ஏறிப் படுத்தா எங்க சாமிக்கு ஆகாதுங்க. புள்ளை பெத்தவகூடத் தரையிலதான் படுப்பா. அதைத் திருடி நாங்க என்னா பண்றது?"

குப்புராஜ் சிரித்தார். இத்தனை கோடை இந்த மலையில் வந்து தங்கித் தின்றவர், பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை.

"படுக்க மாட்டீங்க, வித்துத் தின்பீங்க. பழைய இரும்புக்குப் போட்டிருப்பான்."

"வேலிக்கு வெளிய நின்னு எங்க புள்ளைங்க வேடிக்கை பாத்ததுக்கே பிரம்பைத் தூக்கிட்டு வந்தவரு நீங்க. ஒருநாளு ஒரு டம்ளர் பாலு குடுத்திருப்பீங்களா? திருட்டுப் பட்டம் மட்டும் எங்களுக்கா?"

"சர்தார், இவளையும் சேத்து இழுத்துட்டுப் போங்க!"

சர்தாருக்கும் எரிச்சல்தான். காலையிலிருந்து கல்லிலும் முள்ளிலும் ஏறி வந்ததில் கால் கடுத்தது. எவனையாவது பிடித்துக்கொண்டு இறங்கினால் போதும் என்றிருந்தது. விலங்கை எடுத்துத் தீர்த்தகிரியின் கையில் மாட்டினார். வேறு யார் என்று யோசிக்க அவருக்கு அப்போது தோன்றவில்லை.

நஞ்சம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள்.

"இவரு உள்ள போயிட்டா என் புள்ளைங்க வாயில யாருய்யா களி போடுவா? நாசமாப் போவீங்க!"

சர்தார் அவளைப் பார்க்காமல் குப்புராஜிடம் கேட்டார். "கோர்ட்டுல கேப்பாங்க சார். கட்டிலுக்கு அடையாளம் சொல்லுங்க."

குப்புராஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கேஸ் நிற்க வேண்டுமே!

"இரும்புக் கட்டில். சேலத்துல சொல்லிச் செஞ்சது. பசங்களுக்குன்னே செஞ்சதால நாலடி நீளம்தான். கால்மாட்டுல வளைவா ஒரு கம்பி, அதுல தகட்டுல வெட்டுன ஒரு கிளி. இந்த ஜில்லாவுலயே வேற எங்கயும் பாக்க முடியாது. நான் வந்து சத்தியம் பண்றேன்."

"கிளியா?"

"கிளிதான்யா."

சர்தார் குப்புராஜை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் தீர்த்தகிரியின் கையைப் பிடித்து விலங்கைக் கழற்றினார்.

"என்னய்யா பண்றே? கழட்டறே?"

"அந்தக் கிளியை நான் பாத்திருக்கேன்." சர்தாரின் குரல் ஏறிக்கொண்டே போனது. "எங்க வூட்டுக்காரி பிரசவத்துக்கு அவ அம்மா ஊருக்குப் போயிருந்தா, அரூர்ப் பக்கம். அங்க ஆஸ்பத்திரியில அந்தக் கட்டில்லதான் போட்டிருந்தாங்க. நாலடிக் கட்டில்ல பெரிய மனுஷி எப்படிங்க படுப்பா? புள்ளை பெத்த உடம்பு, காலு ரெண்டும் வெளிய தொங்குது. விடியற வரைக்கும் அவ அழுதா. வார்டு பூராவும் அப்படித்தான், எல்லாப் பொம்பளைங்க காலும் தொங்குது. எந்தப் புண்ணியவான்டா இதை தானம் பண்ணுனவன்னு வயிறெரிஞ்சு தலைமாட்டைப் பாத்தேன்."

குப்புராஜ் மெல்லப் படியிறங்கப் பார்த்தார்.

"கொட்டை எழுத்துல பெயிண்ட் அடிச்சிருந்துச்சு, 'உபயம்: ப. குப்புராஜ், தருமபுரி'ன்னு!"