பணிவான காதுக்கவசம்

தகட்டில் ஓடிய மெல்லிய கோட்டைப் பார்த்ததுமே, தகடுகளை அழுத்தி வடிக்கும் நான்காம் பிரஸ்ஸின் இரும்பு அச்சு விரிசல் விட்டிருப்பது தரப் பரிசோதகர் தெய்வானைக்குப் புரிந்துவிட்டது.

"யோவ் இருதயம், மெஷின நிறுத்துய்யா! அச்சு வெடிக்கப் போகுது!"

முப்பதடி தள்ளி நின்ற இருதயராஜ் சிரித்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, அடுத்த தகட்டை உள்ளே வைத்தான். அவள் ஓடினாள். பாதி வழியில் அச்சு வெடித்தது.

முதலுதவி அறையில், இரண்டு விரல்கள் போன கையைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்டான்: "நேரம் கிடைக்கிறப்ப அச்சைப் பாருங்கன்னு சாவகாசமா சொல்றியே தாயி. பழைய மாதிரி கத்தித் தொலைக்கக் கூடாதா?"

முன்பெல்லாம் அவள் திட்டுவாள். "மொதல்ல உன் கண்ணாடிய மாத்து" என்று அவனும் திருப்பித் திட்டுவான். ஆனால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் திட்டுவான். உற்பத்திக்கும் தரத்துக்கும் இனிச் சண்டையே வரக்கூடாது என்று, எந்தப் பேச்சையும் பணிவாக மாற்றித் தரும் காதுக்கவசத்தை ஆறு மாதம் முன்பு நிர்வாகம் எல்லோருக்கும் மாட்டிவிட்டது.

தெய்வானை நேராக மேலாளர் சபாபதியிடம் போனாள். அவர் பிரஸ்ஸருகே, அதே கவசத்தோடு நின்றிருந்தார்.

"ஒரு மனுஷனோட விரலைத் தின்னுட்டீங்களே சார், வெக்கமா இல்ல?"

சபாபதியின் முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம்மா. இந்த ஒத்துழைப்புதான் வேணும்."

அவள் அவர் காதிலிருந்து கவசத்தைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். பிறகு முதல் வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.