பதினைந்தில் மூன்று போனால்

"என் பொண்ணைப் படிக்கத்தான் அனுப்புனேன் மத்மசேல், அடுப்பூத இல்ல!"

செல்வாம்பாள் வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷமாகியும் எங்கள் ஊரில் டீச்சர் இன்னும் மத்மசேல்தான். செல்வாம்பாளும் மதாம்தான். வீட்டுக்காரர் சைகோன் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். அந்த அம்மாள் குரலை உயர்த்தினால் பள்ளிக்கூடமே எழுந்து நிற்கும்.

கையில் ஒரு கடுதாசி. தலைமையாசிரியருக்கு எழுதிய புகார்.

"அந்தம்மா மனசு மாறலைன்னா இன்னியோட உங்க சமையலை மூட்டை கட்டிடுங்க, ஆனந்தமேரி" என்று தலைமையாசிரியர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

சமையல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை தோறும் என் முதல் வகுப்புப் பிள்ளைகள் மாவு பிசைந்து பிடிகொழுக்கட்டை பிடிப்பார்கள். அடுப்புப் பக்கம் நான் மட்டும்தான் போவேன். இதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டம்!

"இதுல இன்னா படிப்பு இருக்கு? நீங்களே சொல்லுங்க."

"ஆழாக்கால அளக்கறப்போ அளவு புரியுது மதாம். மாவு பிசைஞ்சு விரலு பழகுது, பலப்பத்தை அழுத்திப் புடிக்குதுங்க. வேகற வரைக்கும் பொறுமையா உக்காருதுங்க. உங்க சந்திரகலாவையே பாருங்களேன். ஆறு மாசமா வாயே தெறக்கல. மாவுல கை வச்ச அன்னிக்குத்தான் பேச ஆரம்பிச்சா."

"பேசறதுக்கு எங்க வூட்ல சமையக்கட்டு இல்லியா? கணக்கு வருதா, அதைச் சொல்லுங்க. நான் ஒண்ணும் பொல்லாதவ இல்ல. அந்தப் பக்கிரிப் பயலுக்கு சிலேட்டு வாங்கிக் குடுத்து இங்க சேத்துவுட்டதே நான்தான். எல்லாப் புள்ளைங்களும் படிக்கணும். அதான் எனக்கு வேணும்."

அது உண்மை. பக்கிரியின் அப்பா முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டுகிறவர். அவனைச் சேர்க்க ஆளாளுக்கு மூக்கைச் சுளித்தபோது, தலைமையாசிரியர் அறையில் வந்து வாதாடியது செல்வாம்பாள்தான். அதற்காகவே அந்த அம்மாள் மேல் எனக்குத் தனி மரியாதை.

"அரை மணி நேரம் உக்காந்து பாருங்க மதாம். அப்புறம் நீங்க சொல்றபடி செய்யறேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தட்டுக்கு ஐந்து பிள்ளைகள். சந்திரகலாவின் தட்டில் பக்கிரியும் இன்னும் மூன்று பேரும். ஆளுக்கு மூன்று கொழுக்கட்டை.

"டேய் பக்கிரி, வெல்லத்தை முழுங்காதடா!"

"முழுங்கல மத்மசேல். இனிக்குதான்னு பாத்தேன்."

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். செல்வாம்பாளுக்குக்கூட உதடு கொஞ்சம் அசைந்தது. எனக்குப் பாதி உயிர் வந்தது.

வெந்ததும் எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"மொத்தம் எத்தனை கண்ணு?"

சந்திரகலா விரலை நீட்டி எண்ணினாள். "பதினஞ்சு மத்மசேல்."

"எண்றது இன்னா பெரிய வித்தை?" என்றார் செல்வாம்பாள். "கழித்தல் வருமா அவளுக்கு?"

கழித்தல் நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. போச்சு, இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டேன்.

சந்திரகலா கொஞ்சமும் யோசிக்கவில்லை. பெரிது பெரிதாக இருந்த மூன்று கொழுக்கட்டைகளை வாழையிலைத் துண்டால் பிடித்து எடுத்துத் தனியே வைத்தாள்.

"பதினஞ்சுல மூணு போனா பன்னண்டும்மா. நாலு பேருக்கு, ஆளுக்கு மூணு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கழித்தல் மட்டுமா, பங்கு போடவும் வந்துவிட்டதே! அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது.

"பாத்தீங்களா மதாம்? நான் சொல்லியே குடுக்கல. தானா வருது!"

அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டுத் தொலைத்தேன். "அஞ்சு பேர் இருக்கீங்களேடா கண்ணு, ஏன் நாலு பேருக்குப் பங்கு போட்டே?"

"அந்த மூணும் பக்கிரி புடிச்சது மத்மசேல். அவன் கை பட்டதைத் தின்னக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க."

விரலை நக்கிக்கொண்டிருந்த பக்கிரி நிறுத்தினான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

நான் செல்வாம்பாளைப் பார்த்தேன். கூசிப் போவார், பேச்சை மாற்றுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் மகளை இழுத்து உச்சிமோந்தார். கடுதாசியை நாலாகக் கிழித்தார்.

"நான் என்னமோ நெனச்சிட்டேன் மத்மசேல். சமையல்ல புள்ளைங்க இம்மாம் கத்துக்குதுங்களே! நீங்க தாராளமா நடத்துங்க. தலைமையாசிரியர் கிட்ட நானே சொல்லிடறேன்."

கேட்க வேண்டியதெல்லாம் என் நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வந்தது "மெர்சி மதாம்" என்ற நன்றி மட்டும்தான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் வகுப்பு பிழைத்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கிரிதான் முதல் ஆளாகக் கை கழுவிவிட்டு ஓடி வந்தான்.

"நீ மாவுல கை வைக்க வேணாண்டா ராஜா," என்றேன் நான். "அதோ அங்க உக்காந்து எண்ணிச் சொல்லு, போதும்."