மருந்து போன இடம்

ஜன்னல் வெயிலில் மாமியாரின் வீங்கிய முழங்காலை மடியில் வைத்து, தையல்கார மருமகள் வெறும் விரல்களால் ஜெல்லைத் தேய்க்கிறாள். எண்ணெயைக் கண்ணுக்கே தெரியாத துளிகளாக நுணுக்கிச் செய்ததாம். தோல் வழியாகவே உள்ளே இறங்கிவிடும் என்றார் டாக்டர். வாசம் இல்லை, எரிச்சல் இல்லை; தேய்க்கத் தேய்க்கப் பிசுக்குக்கூட மிஞ்சாமல் மாயமாகிறது. "ஒரு வாரமா தேய்க்கிறே, வலி குத்துக்கல்லாட்டம் அப்படியே உட்கார்ந்திருக்கு. அவ்வளவு மருந்தும் எங்கடி போகுது?" என்கிறாள் மாமியார். "அதான் எனக்கும் புரியல அத்தை." எழுந்துபோய், பாதியில் விட்ட சட்டைத்துணியை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தவள் ஒரே வெட்டில் நின்றுவிடுகிறாள். பல வருஷமாக வெட்டுக்கு வெட்டு உயிரை எடுத்த கட்டைவிரல் இன்று சும்மா இருக்கிறது. மடக்குகிறாள், நீட்டுகிறாள். வலியே இல்லை. மாமியார் திரும்பிப் பார்க்கிறாள். எதைத் திருடினோம் என்றே தெரியாமல், மருமகள் அந்தக் கையைத் துணிக்கடியில் ஒளித்துக்கொள்கிறாள்.